மூணு வாரத்துக்குள்ள: ஏற்காட்டு மலையில இருந்து சேலம் மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்துல சுகாதாரத்தப் பாத்துக்கற அதிகாரிகளுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துல ஓபி பாக்குற டாக்டருங்களுக்கும், நர்சம்மாக்களுக்கும், ஏற்காடு நாகலூர்ப் பக்கத்துல இருந்து வணக்கமுங்க.

நான் இங்க ஒரு காபி எஸ்டேட்ல கணக்கு எழுதுறவ. மருத்துவம் படிச்சவ இல்லைங்க. ஆனா ஒன்றரை வருசமா எங்க வீட்டு ஆளு ஒருத்தர், பக்கத்து லைன் வீட்டு அக்கா ஒருத்தர், ரெண்டு பேரையும் கையப் புடிச்சு மலைக்கும் சேலத்துக்குமா கூட்டிக்கிட்டு அலைஞ்சதுல ஒரு விசயம் நல்லா புரிஞ்சு போச்சு, அத உங்ககிட்ட சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. கண்ணுக்குள்ள பின்பக்கம் வெளிச்சம் வந்து விழற திரைக்கு ரெட்டினான்னு பேரு. அந்த ரெட்டினாவுக்கு முன்னால ரத்தம் தேங்குற வியாதி ஒன்னு இருக்கு. அத வடிய விட லேசர் இருக்கு. அந்த லேசருக்கு ஒரு கெடு இருக்கு. அந்தக் கெடுவுக்குள்ள எங்க ஆளுங்க மலையவிட்டு எறங்கி சரியான எடத்துக்கு வந்து சேர மாட்டேங்குறாங்க, ஏன்னா மொத நாளே "இன்னைக்கே போ"ன்னு சொல்ல யாரும் இல்ல. இதான் சங்கதி.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, லோடு மேன் வேலை. வயசு 44. சுகர் கெடையாது, பிரஷர் கெடையாது. போன வருசம் தை மாசம், காபி பழம் எடுப்பு முடியற நேரம், களத்துல காய வச்ச காபிய மூட்டை கட்டி லாரிக்கு ஏத்திக்கிட்டு இருந்தாங்க, ஒரு மூட்டை 50 கிலோ, மாமாவுக்கு ரெண்டு நாளா இருமல் வேற, அந்த இருமலோட மூச்ச தம் கட்டி மூட்டையத் தூக்கித் தோள்ல வச்சவர் அப்படியே நின்னுட்டார். வலது கண்ணுக்கு முன்னால யாரோ செம்மண்ணக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்குன்னார். வலி ஒன்னும் இல்ல. கண்ணு செவக்கல, தண்ணி வரல, வெளிய இருந்து பாத்தா நல்ல கண்ணுதான். அதனாலயே யாருக்கும் பெருசா தோணல. இன்னொரு கண்ணு நல்லா தெரியுதே, அதவச்சு மூணு நாள் வேலையும் பாத்துட்டார்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல தினசரி காலண்டர் முன்னால நிக்க வச்சு எடது கண்ண மூடிக்கிட்டுப் படிக்கச் சொன்னேன். தேதி அவ்வளவு பெருசா போட்டிருக்கு, அந்தத் தேதியே காணோம்னார். காலண்டரோட நாலு ஓரமும் தெரியுது, கீழ ராகு காலம் எழுதியிருக்கற எடத்துல ஏதோ எழுத்து இருக்கறது தெரியுது, நடுவுல மட்டும் கருஞ்செவப்பா ஒரு வட்டம். என் மூஞ்சியப் பாத்து, "காது ரெண்டும் தெரியுது, மூஞ்சியக் காணோம் புள்ள"ன்னார். அந்த வார்த்தைய நான் இன்னைக்கு வரைக்கும் மறக்கல. படுத்து எந்திரிச்சா முழுசா மறைக்குதாம், ஒரு மணி நேரம் நிமிந்து உக்காந்தா கீழ்ப்பக்கம் மட்டும் லேசா வெளுத்துக் குடுக்குதாம். அது எவ்வளவு பெரிய துப்புன்னு அப்ப எனக்குத் தெரியாது.

அத்தை நந்தியாவட்டைப் பூவ வச்சுக் கட்டுனாங்க. மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க. நாலாம் நாள் கீழ எறங்கி ஒரு கண் க்ளினிக் போனோம். பேரு வேண்டாம், இது ஒருத்தர் மேல புகார் குடுக்கற மடல் இல்ல. அங்க எழுத்துப் பலகையப் படிக்க வச்சாங்க, பவர் பாத்தாங்க, டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, "சூடு, தானா சரியாயிடும்"னு ரெண்டு சொட்டு மருந்து எழுதி, ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. கண்ணுல மருந்து விட்டுப் பாப்பாவ விரிய வச்சு உள்ளுக்குள்ள பாக்கவே இல்லைங்க. அந்த ஒத்தைக் காரியத்த செஞ்சிருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும். நாங்களும் டாக்டரே சொல்லிட்டாருன்னு நம்பி மலையேறிட்டோம். எடுப்பு நேரம், கூலி போயிடுமேன்னு மாமா வேற அவசரப்பட்டார்.

26-வது நாள் ஒரு ரெட்டினா டாக்டர்கிட்ட போனப்பதான் கண்ணுக்குள்ள எடுத்த போட்டோவக் காட்டினார். நான் என் கண்ணால பாத்தேன். ஆரஞ்சு நிறத்துல ரெட்டினா, அதுல நட்ட நடுவுல ஒரு செவப்புப் படகு. மேல கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு, கீழ வளைஞ்சு அகல் விளக்கு மாதிரி இருக்கு. டாக்டர் சொன்னது என்னன்னா, கண்ணுக்குள்ள முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஜெல் ஒன்னு நெறைஞ்சிருக்கு, அதுக்குப் பேரு விட்ரியஸ். அந்த ஜெல்லுக்கும் ரெட்டினாவுக்கும் நடுவுல, மெல்லிசா சவ்வு இருக்கற எடத்துல, ரத்தம் மாட்டிக்கிட்டு நிக்குது. அது போய் நிக்கற எடம் பாத்து மாக்குலா, அதாவது நாம மூஞ்சி பாக்கறதும் எழுத்து படிக்கறதும் ஊசி கோக்கறதும் அந்த எடத்தாலதான். தம் கட்டித் தூக்குறப்ப, விடாம இருமுறப்ப, வாந்தி எடுக்கறப்ப, மலச்சிக்கல்ல முக்குறப்ப, ஏன், பிரசவ நேரத்துலகூட, நெஞ்சுல அழுத்தம் ஏறி கண்ணோட சின்ன ரத்தக்குழாய் ஒன்னு வெடிச்சுடுமாம். நிமிந்து உக்காந்தா ரத்தம் கீழ எறங்கி நிக்குது, படுத்தா பரவுது. கண்ணுக்குள்ள எல்லாமே தலைகீழாத்தான் விழும், அதனால ரத்தம் கீழ எறங்கறப்ப அவருக்குக் கீழ்ப்பக்கம் வெளுத்துத் தெரிஞ்சிருக்கு. மாமா மொத நாளே சொன்னாரே! கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல.

லேசர் பண்ணலாமான்னு கேட்டோம். "லேட் பண்ணிட்டீங்களேம்மா, ரத்தம் உறைஞ்சு போச்சு, ஓட்டை போட்டாலும் வடியாது"ன்னார். பொதுவா மூணு வாரத்துக்குள்ள வந்தாதான் ரத்தம் தண்ணியா இருக்கும், லேசர் எடுபடும்னார். கல்வெட்டுல எழுதுன கணக்கு இல்லதான், சிலருக்கு அதுக்கு மேலயும் வடிஞ்சிருக்கு, ஆனா நாள் ஏற ஏற வாய்ப்பு கொறையுது. மிச்சம் இருந்தது ரெண்டு வழி. ஒன்னு, கண்ணோட வெள்ளை முழியில மூணு சின்ன துளை போட்டு அந்த ஜெல்லயே வெட்டி உறிஞ்சி எடுக்கற ஆபரேசன், விட்ரெக்டமின்னு பேரு. இல்லைன்னா காத்திருக்கறது. மாமா ஆபரேசனுக்குப் பயந்துட்டார், காத்திருந்தார். அஞ்சு மாசம் ஆச்சுங்க. அஞ்சு மாசமும் லோடு வேலை கெடையாது, தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. ரத்தம் கரைஞ்சது, பார்வை முக்கால்வாசி வந்துது, ஆனா நேர்க்கோடு இன்னைக்கும் அவருக்கு நடுவுல வளைஞ்சுதான் தெரியுது. ரத்தம் ரொம்ப நாள் அங்கயே நின்னா ரெட்டினாவுக்கு நல்லதில்ல, மேல சவ்வு மாதிரி சுருக்கம் விழும்னு சொன்னாங்க. காபி பழத்துல பச்சையும் செவப்பும் பிரிக்கறதுக்கு இப்ப எடது கண்ணத்தான் நம்பியிருக்கார்.

இந்த எடத்துல நியாயமா ஒன்னு சொல்லணும். காத்திருங்கன்னு சொல்ற டாக்டர் எல்லாரும் தப்புன்னு நான் சொல்லல. சின்ன ரத்தக்கசிவுன்னா சில வாரத்துல தானாவே கரைஞ்சுடும், அதுக்கு லேசர் அடிக்கவும் கூடாது, ஏன்னா அடிக்கற எடத்துல ரத்தம் நல்லா கனமா மெத்தை மாதிரி இருந்தாதான் லேசரோட வேகம் ரெட்டினா மேல படாம இருக்கும். லேசர்லயும் ஆபத்து இருக்கு, மாக்குலாவுல ஓட்டை விழறது, ரெட்டினா பிரியறது, திரும்ப ரத்தம் கசியறது எல்லாம் அபூர்வமா நடக்கும். ஆக, காத்திருக்கலாமா லேசரான்னு முடிவு பண்றது கண்ணுக்குள்ள பாத்தவர் பண்ண வேண்டிய முடிவு. பாக்காமயே காத்திருக்கச் சொல்றதத்தான் நான் தாங்கிக்க முடியாம எழுதறேன்.

சரி, லேசர்னா என்னன்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு பயம் இருக்கு, கண்ணு கருகிடும்னு. அதுவும் ஒரு காரணம் லேட் ஆகறதுக்கு. கண்ணுக்கு லேசர்னு சொன்னா அது ஒரே மிசின் இல்லைங்க. சுடற லேசர் ஒன்னு இருக்கு, பச்சை வெளிச்சம், சுகர்காரங்களுக்கு ரெட்டினா ஓரத்துல புள்ளி புள்ளியா வைக்கறது. தேங்குன ரத்தத்த வடிக்கறதுக்கு யாக் லேசர். இது சுடறதில்ல, கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் ஒளி, செகண்டுல கோடியில ஒரு பங்கவிடக் கம்மியான நேரம் ஒரு ஊசிமுனை எடத்துல பொறி மாதிரி வெடிச்சு அந்தச் சவ்வுல ஒரு சின்ன ஓட்டை போடுது, அவ்வளவுதான். மேட்டூர் அணையில தேங்கி நிக்கற தண்ணிய மதகத் தொறந்து விடறாங்களே, அதே வேலை. ஓட்டையக் கீழ் ஓரத்துலதான் போடுவாங்க, அப்பதான் ரத்தம் தன் கனத்துலயே எறங்கி ஜெல்லுக்குள்ள போகும், நடு எடத்துக்கும் தூரமா இருக்கும். ஜெல்லுக்குள்ள போன ரத்தத்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமா சில வாரத்துல கரைச்சுக்கும். 1980கள் கடைசியிலயே ஜெர்மனி டாக்டருங்க இத செஞ்சு எழுதியிருக்காங்க, ஆக புது வித்தையும் இல்ல.

இதவிட முக்கியமா அதிகாரிங்க கவனிக்க வேண்டியது, இந்த யாக் மிசின் ஒன்னும் அமெரிக்காவுல மட்டும் இருக்கற பொருள் இல்ல. கேட்ராக்ட் ஆபரேசன் பண்ணுன பெரியவங்கள்ல சில பேருக்கு ரெண்டு மூணு வருசம் கழிச்சு லென்சுக்குப் பின்னால சவ்வு படிஞ்சு மங்கிப்போகும், அத சுத்தம் பண்றதுக்கு ஓரளவு பெரிய கண் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இதே யாக் மிசினத்தான் வச்சிருக்காங்க. மிசின் இருக்கு. கை தேர்ந்த ரெட்டினா டாக்டருங்களும் சேலத்துல இருக்காங்க. இவங்ககிட்ட மூணு வாரத்துக்குள்ள ஆள் வந்து சேர்றதுக்கு வழி மட்டும் இல்ல.

வந்து சேர்ந்தா என்ன ஆகும்னும் பாத்துட்டேன். பக்கத்து லைன் அக்கா, 52 வயசு, 11 வருசமா சுகர். போன ஐப்பசியில ஒரு நாள் காலையில பல்லு வெளக்குறப்ப எடது கண்ணுல செவப்புத் திரை விழுந்துடுச்சுன்னு ஓடி வந்தாங்க. நான் நேரா காலண்டர் முன்னால நிறுத்தினேன். மாமா சொன்ன அதே கதை, தேதியக் காணோம், ஓரம் தெரியுது. அடுத்த நாள் மொத பஸ். 20 கொண்டை ஊசி வளைவு எறங்கறதுக்குள்ள வாந்தி எடுத்துடுவாங்களோ, அந்த முக்கல்ல இன்னும் ரத்தம் வந்துடுமோன்னு எனக்கு வயித்தக் கலக்குச்சு, எலுமிச்சம்பழத்தக் கையில குடுத்து முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கண்ண விரிய வச்சுப் பாத்தார், ஸ்கேன் எடுத்தார், ரெட்டினாவ சவ்வு எங்கயும் இழுத்துக்கிட்டு இல்லைன்னு உறுதி பண்ணினார். அஞ்சாம் நாள் லேசர்.

ஊசி கெடையாது, மயக்கம் கெடையாது. மரத்துப்போற சொட்டு மருந்து விட்டாங்க, மோவாயத் தாங்கி மேல வைக்கச் சொன்னாங்க, கண்ணு மேல ஒரு லென்ச ஜெல் தடவி வச்சாங்க. டிக், டிக்னு சத்தம். எட்டோ ஒம்பதோ எண்ணினேன். திடீர்னு அக்கா "புகை போகுது, மேல மேல போகுது"ன்னாங்க, சாமி வந்த மாதிரி ஒரு குரல். ரத்தம் கீழதான் எறங்குது, ஆனா கண்ணுக்குள்ள தலைகீழ் கணக்குல அவங்களுக்கு அது மேல போற புகையா தெரியுது. எல்லாம் சேர்த்து பத்து நிமிசம் ஆகியிருக்கும். படுக்காம நிமிந்து உக்காரச் சொன்னாங்க, ராத்திரி ரெண்டு தலகாணி வச்சுத் தூங்கச் சொன்னாங்க. மறுநாள் காலையில அக்கா எங்க வீட்டுக்கு வந்து காலண்டர்ல தேதியப் படிச்சாங்க. கொஞ்ச நாள் கொசு பறக்கற மாதிரி, நூலாம்படை ஆடற மாதிரி இருந்துது, ஒன்றரை மாசத்துல அதுவும் கொறைஞ்சுடுச்சு. அவங்களுக்கு அதோட முடியல, முடியவும் கூடாது. சுகர்னால ரெட்டினாவுல புதுசா மொளைச்ச கெட்ட ரத்தக்குழாய்தான் கசிஞ்சிருக்கு, அத அடக்காட்டா திரும்ப வரும்னு அப்புறம் பச்சை லேசர மூணு தடவையா வச்சாங்க. அந்த லேசர் போன பார்வையத் திருப்பித் தராது, இருக்கற பார்வையக் காப்பாத்தும். 1976லயே அமெரிக்காவுல நடந்த பெரிய ஆய்வுல, முத்துன சுகர் கண் நோய்க்கு இத வச்சா மோசமா பார்வை போறது பாதிக்கு மேல கொறையுதுன்னு தெரிஞ்சு போச்சு.

ஒரே மலை, ஒரே வியாதி. ஒருத்தர் 26-வது நாள், ஒருத்தர் அஞ்சாம் நாள். இதுல மாமா செஞ்ச தப்பு என்ன, அக்கா செஞ்ச புண்ணியம் என்ன? அக்காவுக்குப் பக்கத்து வீட்டுல ஏற்கனவே அடிபட்ட ஒருத்தி இருந்தா, அவ்வளவுதான். ஒரு மாவட்டத்தோட கண்ணு இப்படி அதிர்ஷ்டத்த நம்பி இருக்கக் கூடாதுங்க.

அதனால கேக்கறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல, துணை சுகாதார நிலையத்துல, கண்ணுன்னு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு கேள்வி கேக்க வைங்க. திடீர்னு வந்துதா? வலி இல்லாம வந்துதா? ஒத்தக் கண்ண மூடிப் பாத்தா நடுவுல மறைக்குதா? இந்த மூணுக்கும் ஆமான்னா சொட்டு மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பாதீங்க, அன்னைக்கே ஒரு சீட்டு எழுதி ரெட்டினா பாக்குற எடத்துக்கு அனுப்புங்க. அந்தச் சீட்டுல "கண்ண விரிய வச்சுப் பாக்கவும்"னு எழுதியிருக்கட்டும், எத்தனாவது நாள்னு எழுதியிருக்கட்டும். நாள் கணக்கு எழுதியிருந்தா வாங்கிப் பாக்குறவருக்கும் அவசரம் புரியும். இப்படித் திடீர்னு பார்வை போறதுக்கு ரெட்டினா பிரியறது, ரத்தக்குழாய் அடைப்புன்னு இன்னும் மோசமான காரணமும் இருக்கு, அதுல சிலதுக்கு மணிக்கணக்குதான் கெடு, ஆக இந்தச் சீட்டு அவங்களுக்கும் சேர்த்துத்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து வீடு வீடா வருது. எங்க லைனுக்கும் அந்தத் திட்டத்து ஊழியர் ஒருத்தர் வர்றாங்க, பிரஷர் பாக்கறாங்க, சுகர் மாத்திரை குடுக்கறாங்க, மழையில குடை புடிச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏறி வர்றவங்கள நான் கும்பிடணும். அவங்க மாத்திரை குடுக்கறப்பவே ஒரு நிமிசம் ஒத்தக் கண்ண மூடி சுவத்துக் காலண்டர் படிக்கச் சொன்னா போதும். செலவு ஒரு பைசா இல்ல. ரெண்டு கண்ணும் தொறந்திருக்கறப்ப ஒரு கண்ணு போனதே பல பேருக்குத் தெரியறதில்லைங்க. கண்ணு நல்லா தெரிஞ்சாலும் சுகர்காரங்க வருசத்துக்கு ஒருக்கா கண்ண விரிய வச்சு ரெட்டினா பாக்கணும்ங்கறதையும் அவங்க வாயால சொல்லட்டும். 2023ல வந்த, மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐசிஎம்ஆர் கணக்குப்படி நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர். அந்தக் கூட்டத்துல எங்க தோட்டத்து ஆளுங்களும் இருக்காங்க, மலைக்காத்துக்கு சுகர் வராதுன்னு இன்னமும் நெனைக்கறாங்க.

அப்புறம், மலை மேல இருக்கற ஆஸ்பத்திரிக்கு கையில புடிச்சு ரெட்டினாவ போட்டோ எடுக்கற கேமரா ஒன்னு குடுங்க. எடுத்த போட்டோவ சேலத்துல இருக்கற கண் டாக்டருக்கு அனுப்பி, எறங்கணுமா வேண்டாமான்னு அன்னைக்கே கேட்டுடலாம். எறங்கறது எங்களுக்கு லேசான காரியம் இல்ல, ஒரு நாள் கூலி, பஸ் காசு, கூட வர்ற ஆளோட கூலி. 2024 டிசம்பர் மொத வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு வண்டி நின்னுச்சு, அந்த மாதிரி நாள்ல குப்பனூர் வழியா சுத்தி எறங்கணும். அவ்வளவு பாடுபட்டு எறங்கி வந்தா, "இன்னைக்கு ரெட்டினா டாக்டர் இல்ல, வியாழக்கெழமை வாங்க"ன்னு சொன்னா அந்த வியாழக்கெழமை வரவே வராது. எந்த அரசு ஆஸ்பத்திரியில எந்தக் கெழமை ரெட்டினா பாக்கறாங்க, யாக் லேசர் எங்க இருக்கு, காப்பீட்டு அட்டை செல்லுமா, இத ஒரு தாள்ல தமிழ்ல அடிச்சு சுகாதார நிலையத்து சுவத்துலயும் பஸ் ஸ்டாண்டுலயும் ஒட்டுங்க.

மெடிக்கல் ஷாப் அண்ணன்மாருக்கும் கண்ணாடிக் கடைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்ககிட்டதான் எங்க ஆளுங்க மொதல்ல வர்றாங்க. பவர் மாத்தியும் சொட்டு மருந்து விட்டும் இந்த ரத்தம் போகாது, அது கண்ணோட அடி ஆழத்துல இருக்கு. திடீர்னு நடுவுல மறைக்குதுன்னு யாராச்சும் சொன்னா வியாபாரத்த ஒரு நிமிசம் விட்டுட்டு அவங்கள அனுப்பி வைங்க. காய்ச்சல் வந்து ஓய்ஞ்சவங்கன்னா இன்னும் சீக்கிரம், டெங்குலயும் இப்படி ரெட்டினாவுல ரத்தம் கசியும். ரத்தத்துல தட்டணு கொறைஞ்சாலோ ரத்தப் புத்துநோய் இருந்தாலோகூட மொதல்ல கண்ணுலதான் தெரியலாம், அதனால ரத்தம் வடிஞ்ச பிறகும் ஏன் கசிஞ்சதுன்னு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாக்கணும்னு மாமாவுக்குச் சொன்னாங்க, பண்ணினோம், நல்லவேளையா ஒன்னும் இல்ல.

வர்ற கார்த்திகையில திரும்ப எடுப்பு ஆரம்பிக்குது, மூட்டை தூக்கறதும் ஆரம்பிக்கும். அதுக்குள்ள அந்த மூணு கேள்விய நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டைப் பக்கத்து நர்சம்மாக்களுக்காவது சொல்லிக் குடுத்துடுங்க. அதுக்குக் கூட்டம் போடறதா இருந்தா எந்த நாள்னு சொல்லுங்க, மாமாவையும் அக்காவையும் நான் கூட்டிக்கிட்டு வர்றேன். எப்படித் தெரிஞ்சுதுன்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்க. காலண்டரும் நானே கொண்டு வர்றேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டு மலையில இருந்து, ஒரு எஸ்டேட் கணக்குப்புள்ள